ஹலால் பலகை மட்டும் போதுமா? நம் பிள்ளைகளும் துரித உணவும்



வெள்ளிக்கிழமைகளில் சூரா அல்கஹ்ஃபை ஓதும் வழக்கமுள்ள குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அதில் வரும் குகைவாசிகள் நீண்ட உறக்கத்திலிருந்து விழித்தெழுந்ததும், தங்களுள் ஒருவரை வெள்ளிக் காசுடன் நகரத்துக்கு அனுப்புகிறார்கள். எந்த உணவு மிகத் தூய்மையானது என்று பார்த்து, அதிலிருந்து வாங்கி வருமாறு அவரிடம் சொல்லியனுப்புகிறார்கள் (18:19). அவர்கள் இளைஞர்கள். பசித்திருந்தவர்கள். பிடிபட்டால் கல்லெறிந்து கொல்லப்படுவோம் என்ற அச்சத்தில் இருந்தவர்கள். அந்த நிலையிலும் "கிடைத்ததை வாங்கி வா" என்று அவர்கள் சொல்லவில்லை. "மிகத் தூய்மையானது" என்ற சொல்லுக்கு அனுமதிக்கப்பட்டது என்றும் உடலுக்கு நல்லது என்றும் விரிவுரையாளர்கள் விளக்கம் தந்துள்ளனர்.

அந்த அத்தியாயத்தை ஓதி முடித்த அதே வெள்ளியிரவு நம் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் இஷா தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் வேளையில், பொட்டலம் கொண்டுவரும் இளைஞரின் வண்டியும் வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே ஷவர்மா, பொரித்த கோழி, பர்கர், ஒரு பெரிய குளிர்பானப் புட்டி. பிள்ளைகள் கைகழுவாமலே பிரிக்கிறார்கள். அத்தா கேட்கும் ஒரே கேள்வி, "ஹலால் கடைதானே?" என்பது. ஆம் என்ற பதில் வந்ததும் மார்க்கத்தின் வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம்.

இங்கே நாம் மார்க்கத்தின் பாதிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறோம். பூமியில் உள்ளவற்றை உண்ணுமாறு மனிதகுலத்தை அழைக்கும் இறைவசனம் ஹலால் என்ற சொல்லைத் தனியே விடவில்லை. தய்யிப் என்ற சொல்லையும் உடன் சேர்த்தே சொல்கிறது (2:168). அல்மாயிதாவிலும் அவ்வாறே (5:88). தய்யிப் என்றால் நல்லது, தூயது, உண்பவருக்குக் கேடு செய்யாதது. கோழியின் கழுத்தில் "பிஸ்மில்லாஹ்" சொல்லிக் கத்தி வைக்கப்பட்டதா என்பது முதற்கேள்வி. அந்தக் கோழி எத்தனை நாள் குளிர்பெட்டியில் கிடந்தது, எத்தனையாவது முறை கொதித்த எண்ணெயில் விழுந்தது, அதனுடன் வரும் வெள்ளைக் குழம்பு எதனால் ஆனது, எட்டு வயதுப் பிள்ளையின் உடல் இதை வாரத்தில் எத்தனை முறை தாங்கும் என்பவை இரண்டாம் கேள்வியைச் சேர்ந்தவை. முதற்கேள்விக்கு ஒரு பச்சைப் பலகை பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பிள்ளையைப் பெற்றவர்.

இது வீண் அச்சம் என்று எவரும் எண்ணினால், நமக்கு அருகிலுள்ள நாமக்கல்லை நினைத்துப் பார்க்கட்டும். 2023 செப்டம்பரில் அங்கே ஓர் உணவகத்தில் ஷவர்மா வாங்கி உண்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதே கடையில் உண்ட மருத்துவக் கல்லூரி மாணவர்கள் உள்ளிட்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மாவட்டம் முழுவதும் ஷவர்மாவும் கிரில் கோழியும் விற்க ஆட்சியர் தற்காலிகத் தடை விதித்தார். நாடெங்கும் கோழி முட்டை அனுப்பும் ஊர் அது. உணவைப் பற்றி அறியாத ஊரன்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே மாதத் தொடக்கத்தில், காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயது மாணவி ஒருத்தி இதேபோல் ஷவர்மா உண்டு மாண்டாள். அங்கே ஷிகெல்லா என்னும் கிருமி கண்டறியப்பட்டது. 2023 சனவரியில் கேரள அரசு பச்சை முட்டை கலந்த மயோனைஸைத் தடை செய்தது. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதே தடையை விதித்தது. சால்மொனெல்லா, ஈ.கோலி, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் அதில் பெருகக்கூடும் என்பதே காரணம். நம் பிள்ளைகள் விரலால் வழித்து நக்கும் அந்த வெள்ளைக் குழம்பைப் பற்றித்தான் அரசு இவ்வாறு சொன்னது.

ஆயினும் நஞ்சாகிப் போன ஒரு நாள் உணவு என்பது அரிதாக நிகழ்வது, செய்தியில் வருவது. செய்தியில் வராமல் வாரந்தோறும் நடப்பதுதான் என் பெரிய கவலை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16-இல் தமிழகத்துப் பெண்களில் 30.9 சதவீதத்தினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2019-21-இல் அது 40.4 சதவீதமாயிற்று. ஆண்களில் 28.2 சதவீதம் 37 சதவீதமாக உயர்ந்தது. ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் இந்த ஏற்றம். நீரிழிவு 14.4 சதவீதத்தினருக்கு உள்ளது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு. ஒரு காலத்தில் நாற்பது வயதுக்கு மேல் வந்த அந்நோய் இப்போது பதின்வயதினரிடமும் கண்டறியப்படுகிறது. நம் சமுதாயத்துக்கு இதில் தனி விலக்கு ஏதுமில்லை. மஹல்லாவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மாத்திரை டப்பா ஒன்று சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பெரியவர்கள் தம் மாத்திரையை விழுங்கிவிட்டு, அதே மேசையில் பேரப்பிள்ளைக்குக் குளிர்பானம் ஊற்றிக் கொடுக்கிறார்கள். 250 மில்லி கோலாவில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை உண்டு. தேநீர்க் கரண்டியால் அளந்தால் ஆறுக்கும் மேல். சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் ஐந்து சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வளர்ந்த மனிதருக்கு ஏறக்குறைய 25 கிராம்தான். பிள்ளைக்கு அதனினும் குறைவு. ஒரே புட்டியில் அந்த நாளின் கணக்கு தீர்ந்துவிட்டது.

"குழந்தைதானே, கேட்கிறதே, என்ன செய்வது?" என்பது நாம் அதிகம் சொல்லும் சமாதானம். இதற்கு நபி (ஸல்) அவர்களின் வீட்டிலேயே பதில் இருக்கிறது. சிறுவராயிருந்த ஹஸன் (ரலி) அவர்கள் ஸதகாவுக்காக வந்திருந்த பேரீச்சம்பழக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். பேரரின் வாயில் போன பழத்தை நபியவர்கள் துப்பச் செய்தார்கள். நாம் ஸதகாப் பொருளை உண்பதில்லை என்ற காரணத்தையும் சொன்னார்கள் (புகாரி). அந்தப் பழம் நபிக் குடும்பத்துக்குத் தடுக்கப்பட்டது. ஷவர்மா அப்படித் தடுக்கப்பட்டதன்று. இரண்டையும் ஒன்றாக்கி ஃபத்வா கொடுக்க நான் வரவில்லை. ஆனால் முறையைப் பாருங்கள். உலகிலேயே பிள்ளைகளிடம் மிக மென்மையாக நடந்த மனிதர், தம் உயிரினும் இனிய பேரரிடம், வாய்க்குள் போன உணவை வெளியே எடுக்கச் சொல்லத் தயங்கவில்லை. "சிறு பிள்ளைதானே, ஒரு பழம்தானே" என்று விடவில்லை. அதட்டி அனுப்பிவிடவும் இல்லை. ஏன் என்று புரியவைத்தார்கள். நாமோ வாசலுக்கு வராத பொட்டலத்துக்கே மறுப்புச் சொல்ல முடியாதவர்களாகிவிட்டோம்.

ஒவ்வொருவரும் மேய்ப்பர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தொழுகை, ஹிஜாப், கைப்பேசி ஆகியவற்றுக்கு அதைப் பொருத்துகிறோம். பிள்ளையின் தட்டுக்குப் பொருத்துவதில்லை.

பிள்ளைகளால் விடமுடியாது என்பார்க்கு இன்னொன்று சொல்வேன். 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவின் துயரைக் கண்டு சில பன்னாட்டு உணவகங்களையும் குளிர்பானங்களையும் நம் வீடுகள் பல ஒதுக்கின. யார் சொல்லியும் கேளாத பிள்ளைகள் அப்போது தாமாகவே புட்டியைக் கீழே வைத்தார்கள். கடைக்காரரிடம் "இந்தக் கம்பெனி வேண்டாம்" என்று சொன்ன ஏழு வயதுப் பிள்ளைகளை நாம் பெருமையோடு பேசிக்கொண்டோம். மத்திய கிழக்கில் தங்கள் வணிகம் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டதாக மெக்டொனால்ட்ஸின் தலைமை அதிகாரியே 2024 சனவரியில் ஒப்புக்கொண்டார். ஆக, காரணம் புரிந்தால் நம் பிள்ளைகளால் விடமுடியும், நாமும் விடுவோம். பிறகு என்ன செய்தோம்? அந்தப் புட்டி இருந்த இடத்தில் வேறொரு கம்பெனியின் புட்டியை வைத்தோம். அந்தப் பர்கர் இருந்த இடத்தில் நம்மவர் கடைப் பர்கரை வைத்தோம். சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் முதலாளியின் பெயர் தெரியாது. ஒடுக்கப்பட்டோருக்காக நாவை அடக்கிய பிள்ளை, தன் உடலுக்காகவும் அடக்கும். நாம் சொல்லித் தந்தால். ரமளானில் பத்து வயதுப் பிள்ளை ஸஹர் முதல் மஃரிப் வரை தண்ணீரின்றி இருக்கிறான். அவனுக்கு ஷவ்வாலில் ஒரு பொட்டலத்தை மறுத்தால் தாங்கமாட்டான் என்று சொல்வது அவனைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

அப்படியானால் எத்தனை முறை கொடுக்கலாம்? இதைக் கேட்கும் பெற்றோருக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். குர்ஆனிலோ ஹதீஸிலோ இதற்கு எண்ணிக்கை கிடையாது. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய நல்லவற்றைத் தடுத்தவர் யார் என்று கேட்கும் வசனமும் (7:32) நம் கண்முன் இருக்கிறது. எனவே "ஹராம்" என்ற சொல்லை எவரும் இங்கே கொண்டுவர வேண்டாம். உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தில் அதற்கு முந்தைய வசனம் (7:31) அமைந்திருக்கிறது. அந்த வரம்பு எங்கே என்று தீர்மானிக்கும் பொறுப்பு நமக்கு. என் தீர்மானம், மாதத்துக்கு ஒருமுறை.

"வாரம் ஒருமுறை என்றால் என்ன?" என்பார்கள். ஒழுங்கான குடும்பங்கள் பலவும் இந்த வாரக்கணக்கில்தான் நிம்மதி காண்கின்றன. கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒன்று என்றால் ஆண்டுக்கு 52. இவை நாம் எண்ணுபவை மட்டுமே. வகுப்புத் தோழனின் பிறந்தநாள், ஊட்டிக்கோ ஆழியாறுக்கோ போய்வரும் வழி, மாமா வெளிநாட்டிலிருந்து வந்த நாள், அம்மாவுக்கு உடல்நலமில்லாத நாள், தேர்வு முடிந்த நாள், மாலை நேரத்துப் பாக்கெட் சிப்ஸ், இரவு பசிக்கு நூடுல்ஸ், உக்கடத்தில் நின்று சாப்பிட்ட பொரித்த மீன், பள்ளி முடிந்து வரும்போது தள்ளுவண்டிக் காளான். (கோவையின் அந்தப் புகழ்பெற்ற காளானில் காளானைவிட முட்டைகோசும் மைதாவுமே மிகுதி என்பது ஊரறிந்த இரகசியம்.) இவற்றை எவரும் வாரக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாரம் ஒருமுறை என்று வைத்தவர் உண்மையில் மூன்று முறை கொடுக்கிறார். மாதம் ஒருமுறை என்று வைத்தால்தான், இந்தக் கசிவுகளையும் சேர்த்து, வாரம் ஒருமுறையிலாவது நிற்கும். மேலும், வாரந்தோறும் வருவது பழக்கமாகிறது. வராத வாரத்தில் பிள்ளை அதை உரிமையாகக் கேட்கிறான். மாதம் ஒருமுறை வருவது எதிர்பார்ப்பாகவே இருக்கும். அதற்காக அல்ஹம்துலில்லாஹ் சொல்லவும் மனம் வரும்.

அந்த ஒருமுறைக்கும் சில நிபந்தனைகள் வேண்டும். பொட்டலம் வீட்டுக்கு வருவதை நிறுத்துங்கள். குடும்பமாகப் போய், கடையின் அடுப்பையும் எண்ணெயின் நிறத்தையும் கண்ணால் பார்த்து, சூடாக அங்கேயே உட்கார்ந்து உண்ணுங்கள். குளிர்பானம் வேண்டாம், தண்ணீர் போதும். இருவருக்கு ஒன்று என்று பகிர்ந்து உண்ணட்டும். ஒருவரின் உணவு இருவருக்குப் போதும் என்ற நபிமொழி நமக்குத் தெரியாததன்று. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியையும் (திர்மிதீ) அங்கேயே, சாப்பிடும்போதே, பிள்ளைக்குச் சொல்லலாம். பாடமாக ஒப்பிக்க வைப்பதைவிட அது நன்றாகப் பதியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான நிபந்தனை, அதைப் பரிசாக்காதீர்கள். "ஜுஸ்வு அம்ம முடித்தால் பீட்ஸா", "சுப்ஹுக்கு எழுந்தால் பர்கர்" என்று பேரம் பேசும் பெற்றோரை அன்றாடம் காண்கிறோம். சில மக்தபுகளிலேயே நன்றாக ஓதிய பிள்ளைக்குச் சிப்ஸ் பொட்டலமும் குளிர்பானமும் கொடுக்கிறார்கள். உணவைப் பரிசாகக் கொடுக்க வேண்டாம் என்று குழந்தைநல மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பரிசான உணவின் மேல் பிள்ளைக்கு ஆசை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இதில் இன்னொரு கேடும் உண்டு. அல்லாஹ்வின் வேதம் கஷ்டமான வேலை, பீட்ஸா அதற்குக் கூலி என்ற பாடத்தை நாமே பிள்ளையின் உள்ளத்தில் எழுதுகிறோம்.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். நேர்மையாகவே சொல்கிறேன், அவற்றுள் ஒன்றுக்கு வலு உண்டு. தாய்மார்களுக்கு நேரமில்லை என்பதே அது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்வருபவள், கோவையில் கடையிலோ பள்ளியிலோ நாள் முழுதும் நின்றுவிட்டு வருபவள், மாலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்டவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். துரித உணவைக் கண்டிக்கும் பயான்கள் பெரும்பாலும் பெண்களின் பக்கமே கையை நீட்டுகின்றன. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து சென்றார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததைக் (புகாரி) கையை நீட்டும் ஆண்கள் நினைவிற்கொள்ள வேண்டும். பொட்டலம் வர அரை மணி நேரம் ஆகிறது. அந்த அரை மணி நேரத்தில் அரிசியும் பருப்பும் குக்கரில் வெந்துவிடும். கொங்கு நாட்டில் அந்த அரிசிப் பருப்புச் சாதத்தை விரைந்து சமைக்கத் தெரியாத வீடு உண்டா? ஒரு கரண்டி நெய்யும் தயிரும் இருந்தால் பிள்ளையின் இரவு முடிந்தது. மாலைப் பசிக்குக் கடலை உருண்டை, வேகவைத்த கொள்ளு, அவித்த முட்டை, நம் நன்னிமார் செய்துதந்த கம்பங்கூழ், தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை. இவற்றில் பாதியை அத்தாவாலும் செய்ய முடியும்.

இரண்டாவது வாதம், நம் பிரியாணியும் சமோசாவும் மட்டும் என்ன சுத்தமா என்பது. நியாயமான கேள்வி. இஃப்தார் விருந்துகளில் நோன்புக் கஞ்சியைச் சுற்றி நாம் அடுக்கும் பொரித்த பண்டங்களைப் பார்த்தால் எவருக்கும் கேட்கத் தோன்றும். அதற்கும் இதே அளவுகோல்தான். அதைப் பற்றி ரமளான் நெருங்கும்போது தனியே எழுத வேண்டும்.

மூன்றாவது வாதத்தைத்தான் எல்லோரும் மெல்லிய குரலில் சொல்வார்கள். "இந்தக் கடைகளை நடத்துபவர்கள் நம் சமுதாய இளைஞர்களல்லவா? அவர்களின் பிழைப்பில் மண் போடலாமா?" வேண்டாம், ஒரு பிடி மண்ணும் வேண்டாம். வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர் ஒரு ஷவர்மாக் கம்பியை நிறுத்திக் குடும்பத்தைக் காப்பாற்றுவது இபாதத். ஆனால் மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டதும், மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்ததும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் (முஸ்லிம்) அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஷவர்மாக் கம்பியில் மேலே சிவந்த இறைச்சி, உள்ளே வேகாத இறைச்சி. அந்தத் தானியக் குவியலை இதைவிடத் தெளிவாக நினைவூட்டும் காட்சி வேறில்லை. வறுத்த எண்ணெயின் கேட்டை அளக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 சூலை முதலே வரம்பு வைத்திருக்கிறது. முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும். கறுத்த எண்ணெயில் மறுநாளும் பொரித்து, வாசலில் ஹலால் பலகை மாட்டுவது அந்தப் பலகைக்கே செய்யும் அநீதி. நல்ல எண்ணெயும் அன்றன்றைய இறைச்சியும் வைத்து, ஐந்து ரூபாய் கூடுதலாக விற்கும் கடைக்காரரிடம் மாதம் ஒருமுறை போகும் குடும்பம், அவர் பிழைப்பைக் கெடுப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரரையும் திருத்துகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு சொல். பள்ளிக்கூட வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவை விற்கக் கூடாது என்று 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. நம் மக்தபுகளின் வாசலுக்கு அந்த விதியை நாமே வைத்துக்கொள்ள எவர் அனுமதியும் தேவையில்லை. மஃரிபுக்குப் பின் ஓதிவிட்டு வெளியே வரும் நூறு பிள்ளைகளை எதிர்பார்த்தே வாசலில் எண்ணெய்ச் சட்டி காய்கிறது. பல ஊர்களில் அந்தச் சட்டி காய்வது பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடையில். வாடகை வருவது ஜமாஅத்தின் கணக்கில். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகையை எவ்வளவு உயர்த்துவது என்று ஒரு மணி நேரம் பேசுகிறோம். அந்தக் கூட்டத்தில், மயோனைஸில் பச்சை முட்டை கூடாது, எண்ணெயை இரண்டாம் நாள் வைத்திருக்கக் கூடாது, மக்தப் விடும் நேரத்தில் பிள்ளைகளுக்குக் குளிர்பானம் விற்கக் கூடாது என்று மூன்று வரிகளை எழுதிச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேளுங்கள்.